ஆடிஷனில் நான் படித்த வசனம்

அக்டோபர் 9, வியாழன். எடிசன், நியூ ஜெர்சி.

என் மகள் நிலாவுக்கு, போன வாரம் ஆடிஷன் அனுப்பிய நாடகத்தில் வேடம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் அவளுடைய ஏஜென்ட் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்த பயம் இப்போதுதான் ஓய்ந்தது.

ஆடிஷனுக்கு வீட்டிலேயே வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். எதிரில் நடிப்பவரின் வசனத்தை யாராவது காமிராவுக்குப் பின்னாலிருந்து படிக்கவேண்டும். நான் படித்தேன். காட்சியில் மகள் வீட்டைவிட்டுப் போகிறாள், தாய் தடுக்கிறாள்; தாயின் வசனம் எனக்கு. நிலா நிஜமாகவே அழுததும் எனக்குக் கையிலிருந்த தாள் மறந்துபோயிற்று. "சரி, அழாதடி. சாப்ட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "நாட் ஹங்க்ரி, மா" என்று கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். இன்னொரு முறை எடுக்கலாம் என்றேன். "நோ மா, திஸ் இஸ் த ஒன்" என்று அதையே அனுப்பினாள்.

ஒரு டிவி தொடரில் நர்ஸாக இரண்டு வசனம், குழந்தைகள் நாடகங்கள், ஆடிஷனுக்காக நியூயார்க்குக்கு ரயிலில் அலைச்சல். இதுவே அவள் தொழில் வாழ்க்கை. இந்த வாய்ப்பும் போனால் நடிப்பை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். நடிப்பு சோறு போடும் என்று நான் நம்பியதில்லை. ஆனால் என் வாயால் அது முடிந்துவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது.

"தே லவ்ட் த மாம்!" என்று போனை வைத்ததும் கத்தினாள் நிலா. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்ன அந்த அம்மாவை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

"காண்ட்ராக்ட் வரட்டும், அப்புறம் குதிக்கலாம்" என்றேன்.

அவள் கேட்கவில்லை. என் கைகளைப் பிடித்துச் சுற்றினாள். நானும் கொஞ்சம் குதித்தேன் என்று நினைக்கிறேன்.