வெண்டலின் முந்நூறாவது பறவை

ஜனவரி 6

காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது. ஏரி கல்லாகிக் கிடக்கிறது. இந்தத் தெருவிலேயே என் கொல்லையில் பறவைகளுக்கு வைத்த தொட்டியில்தான் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது, மேலே ஆவி பறக்க.

தொட்டிக்குள் இருக்கும் மின்சாரச் சூடேற்றியை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆவியாகிப் போவதை தினம் இரண்டு தடவை ஜக்கில் கொண்டுபோய் நிரப்ப வேண்டும். குறுக்கே குச்சிகள் அடுக்க வேண்டும். பறவை குடிக்கலாம், குளிக்கக் கூடாது. இந்தக் குளிரில் நனைந்த இறகு விறைத்துப்போகும். எல்லாம் என் வீட்டுக்காரர் ஐனோ சொல்லிக்கொடுத்தது.

பக்கத்து வீட்டு கார்லீன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள்: "எழுபத்தி நாலு வயசுல வழுக்கி விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கப் போற, ஆர்லிஸ்! பறவை மேல அப்படி என்ன பாசம்?"

பாசம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வெண்டல்.

ஜனவரி 7

எழுதியே வைத்துவிடுகிறேன். எழுதினால் வெண்டல் மேல் இருக்கும் சூடு குறையாது என்று தெரியும். குறைய வேண்டாம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், இதே தொட்டியில், ஐனோ ஒரு மேற்குப் பூங்குருவியைப் பார்த்தார். ஆரஞ்சு நெஞ்சு, குறுக்கே மாலை போட்டதுபோல் கறுப்புப் பட்டை. மலைகளுக்கு அப்பால், பசிபிக் ஓரக் காடுகளில் இருக்க வேண்டியது. எங்கள் கவுண்டியில், இந்த மாவட்டம் முழுக்க, அதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் அன்று டுலூத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். இவர் கேமராவை எடுத்து வருவதற்குள் அது பறந்துவிட்டது.

பறவைச் சங்கத்தின் பட்டியலை வைத்திருப்பவன் வெண்டல். ஒரு பறவை கணக்கில் சேருமா சேராதா என்று சொல்பவன் அவன்தான். நூலகக் கூட்டத்தில் இருபது பேர் முன்னால் சொன்னான்: "ராபினைப் பாத்திருப்பீங்க, ஐனோ. மொதல்ல கண்ணாடிய மாத்துங்க." எல்லாரும் சிரித்தார்கள். ஐனோவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து பைனாகுலரை உறையில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்தார். சாகும்வரை எடுக்கவில்லை.

ராபினாம்! கோடையில தெருவெல்லாம் திரியுற ஆரஞ்சு நெஞ்சுக் குருவி, அதுக்குப் பட்டை ஏது? நாப்பது வருஷம் பறவை பாத்த மனுஷனுக்கு ராபின் எது, பூங்குருவி எதுன்னு தெரியாதா?

ஒன்று வழிதவறி வந்த இடத்துக்கு இன்னொன்றும் வரும். தண்ணீர் இருந்தால் வரும். அவர் போனபின் இது ஏழாவது குளிர்காலம். ஒரு நாள்கூட உறையவிட்டதில்லை.

ஜனவரி 10

பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நாலு. சிக்கடீக் குருவிகள், ஒரு மரங்கொத்தி. வேறு ஒன்றுமில்லை.

ஜனவரி 14

வந்துவிட்டது.

வந்தேவிட்டது, ஐனோ! காலை எட்டே முக்காலுக்கு. காட்டு ஆப்பிள் மரத்திலிருந்து இறங்கி, தொட்டி விளிம்பில் நின்று, நீங்கள் சொன்ன அதே கறுப்புப் பட்டையோடு தலையைத் தூக்கித் தூக்கிக் குடித்தது. நாற்பத்தொரு படம் எடுத்தேன். பாதி வீண். மீதி போதும்.

சங்கத்தில் எல்லாருக்கும் அனுப்பினேன். வெண்டலைத் தவிர.

ஜனவரி 17

மூன்று நாளில் பதினான்கு பேர் வந்து பார்த்துவிட்டார்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, என் சமையலறை ஜன்னலில் காலுறையோடு வரிசையாக நின்றார்கள். நான் சுட்ட எலுமிச்சை பார் கேக் இரண்டு தட்டு காலி. எல்லாரிடமும் குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கினேன்.

மத்தியானம் அவன் போன் செய்தான்.

"ஆர்லிஸ், கேள்விப்பட்டேன். நானும் வந்து பாக்கலாமா?"

"இன்னிக்குத் தரைக்கு மெழுகு போட்டிருக்கேன், வெண்டல்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் காயாது."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று சத்தமாகச் சிரித்தேன். எத்தனை வருஷமாச்சு இப்படிச் சிரித்து.

ஜனவரி 20

கார்லீன் ஒரு செய்தியோடு வந்தாள். வெண்டல் வீட்டை விற்றுவிட்டானாம். ஏப்ரலில் அரிசோனாவுக்கு, மகள் வீட்டுக்கே போகிறான். எண்பத்திரண்டு வயதாகிறது, இனி திரும்பி வரமாட்டான்.

"இந்தக் கவுண்டியில அவர் பாத்தது இருநூத்தித் தொண்ணூத்தி ஒம்போது வகைப் பறவை, ஆர்லிஸ். முந்நூறுக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. மனுஷன் தவிக்கிறார். விட்டுத்தொலையேன்."

விட்டுத்தொலைப்பதா? இதைவிட நல்ல செய்தி எனக்கு யாரும் கொண்டுவந்ததில்லை. அவனை வரச்சொல்லப் போகிறேன். வராமல் இருந்தால் எங்கோ கிடைக்காமல் போனதாக இருக்கும். என் ஜன்னலிலேயே உட்கார்ந்து கிடைக்காமல் போக வேண்டும்.

ஜனவரி 23

ஆறரைக்கு வெளியே போய், பக்கச் சுவரில் சூடேற்றியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். எட்டரைக்குத் தொட்டி கண்ணாடிபோல் இறுகிவிட்டது. பூங்குருவி தின்ன வரும் காட்டு ஆப்பிள்களையும் நேற்றே உதிர்த்து வாளியில் அள்ளிவிட்டேன்.

ஒன்பதுக்கு வந்தான். கைத்தடி, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறான். ஜன்னலோர நாற்காலியைக் காட்டினேன்.

"காபி?"

"வேண்டாம், சிரமப்படாதீங்க."

"கொஞ்சமாவது?"

"இல்ல, பரவாயில்ல."

மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் 'சரி' சொல்வது இந்த ஊர் மரியாதை. நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டு எனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டேன். அவன் என் கோப்பையை ஒரு தடவை பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி உறைஞ்சிருக்கே, ஆர்லிஸ்" என்றான்.

"பழைய சூடேத்தி. அப்பப்ப மக்கர் பண்ணும்."

"நான் வேணா பாக்கட்டுமா?"

"நீங்க எதுக்கு? உக்காருங்க."

ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தான். சிக்கடீக்கள் வந்து பனிக்கட்டியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. அவற்றில் ஒரு குருவி திரும்பத் திரும்ப மூன்று தடவை வந்தது. அதை மட்டும் பார்க்க முடியவில்லை, பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இரண்டு மணிக்கு எழுந்தான். "பறவை அதுக்கு இஷ்டப்பட்டாத்தான் வரும்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டான். "போய்ட்டு வரேன்."

"ஐயோ, பாவம்! நேத்துகூட வந்துச்சு" என்றேன். இதைச் சொல்வதற்குத்தான் ஏழு குளிர்காலம் தண்ணீர் சுமந்தேன்.

பிளக்கை இன்று மாட்டப் போவதில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஜெயித்த நாளில் குனிந்து வேலை செய்ய மனமில்லை.

ஜனவரி 24

தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. ஆவி பறக்கிறது.

நான் மாட்டவில்லை.

பக்கச் சுவருக்குப் போய்ப் பார்த்தேன். பிளக் மாட்டியிருக்கிறது. பனியில் பூட்ஸ் தடம், ஒரு கால் இழுத்த கோடு, பக்கத்தில் கைத்தடி குத்திய ஓட்டைகள். போகிற வழியில் முழங்காலளவு பனியில் இறங்கி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

அப்படியானால் நான் பிடுங்கியது தெரியும், வரும்போதே பார்த்திருக்கிறான். உட்கார்ந்த ஐந்து மணி நேரமும் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்து திட்டியிருக்கலாமே? திட்டியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

பிப்ரவரி 2

பூங்குருவி இல்லை. அன்றிலிருந்தே இல்லை. வாளி ஆப்பிளையெல்லாம் மரத்தடியில் கொட்டிவிட்டேன். அதைத் துரத்தியது நான்தான்.

பிப்ரவரி 11

சங்கத்தின் செய்திமடல் தபாலில் வந்தது. பட்டியலில் இந்த வருஷத்துப் பூங்குருவி இருக்கிறது, என் பெயரோடு. அதற்கு மேலே இன்னொரு வரி:

"மேற்குப் பூங்குருவி, கவுண்டியின் முதல் பதிவு. பதினோரு ஆண்டுகளுக்கு முன், அதே தொட்டியில். பார்த்தவர் ஐனோ. படம் இல்லை, அவர் சொல் போதும். அன்று மறுத்தது என் தவறு. வெண்டல்."

கடைசிப் பக்கத்தில் அவரவர் எண்ணிக்கை. வெண்டல்: 299.

பாவி. நான் வாங்க நினைத்ததையெல்லாம் கேட்காமலே கொடுத்துவிட்டு, என் கோபத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். இனி இந்தத் தண்ணீரை யாருக்காகச் சுமப்பது?

பிப்ரவரி 12

பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு. ஐனோவின் பைனாகுலரை மேல்தட்டிலிருந்து இறக்கித் துடைத்து ஜன்னலில் வைத்தேன். பிறகு வெண்டலுக்குப் போன் செய்தேன்.

பறவை இருபது நாளாக இல்லை, வரும் என்று சொல்ல முடியாது என்றேன். பிளக்கைப் பற்றி நானும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேச்சில்லை.

"நாளைக்கு வந்து உக்காந்து பாக்குறீங்களா? காபி போடறேன்."

"வேண்டாம் ஆர்லிஸ், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"ஒரு வாய் காபிதானே?"

"இல்ல, பரவாயில்ல."

நான் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம், ஐனோ. அது வேறு. ஆனாலும் மூன்றாவது தடவை கேட்டேன்.

நாளைக்கு ஒன்பது மணிக்கு வருகிறார். அதற்குள் தொட்டியை நிரப்ப வேண்டும்.