நாலாம் தரமும் முதல் பக்கம்

08.02.2025, சனி

வியாழக்கிழமையிலிருந்து கொம்பியூட்டர் எழும்பவில்லை. நீலத்திரை வருகிறது, வட்டம் சுற்றுகிறது, அணைந்துபோகிறது. காலைச் சாப்பாடு முடிந்ததும் இவர் அதற்கு முன்னால் போய் இருந்தார்.

"விண்டோஸைப் புதுசாப் போட்டாச் சரி. ஒரு மணித்தியால வேலை."

நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபத்திரண்டு வருசமாகப் பள்ளிக்கூடத்தில் அதைத்தானே படிப்பிக்கிறார். நீர்வேலியில் பாதி வீட்டுக் கொம்பியூட்டர்களுக்கு வைத்தியமும் இவர்தான். சமைத்து, உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு மூன்று மணிபோல எட்டிப் பார்த்தேன். மொழி எதுவென்று கேட்கிற முதல் பக்கம் நின்றது.

"இன்னும் தொடங்கேல்லையோ?"

"பென்ட்ரைவ் பிழை," என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

09.02.2025, ஞாயிறு

இன்று வேறு பென்ட்ரைவ். முருங்கையிலையை மடியில் வைத்து உருவிக்கொண்டு நானும் பின்னால் இருந்தேன். ஏதோ ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாக அழித்தார்.

"அதிலை பிள்ளையின்ரை படங்கள் இருக்கெல்லோ?"

"அது வேறை பக்கம். எனக்குத் தெரியாதே?"

பிறகு நூறு வீதம் வரை ஓடியது. திரை கறுத்தது. திரும்ப முதல் பக்கம். இவர் மொழியைத் தெரிவுசெய்து, அடுத்ததை அமத்தி, அதே பட்டியலுக்குப் போனார். ஆறுதலாக, அவசரமே இல்லாமல். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இது நாலாம் தரமப்பா."

"என்ன நாலாம் தரம்? இப்பத்தானே தொடங்கினனான்."

பகிடி விடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

10.02.2025

தலையிடி என்று பள்ளிக்கூடம் போகவில்லை.

12.02.2025, பூரணைப் போயா விடுமுறை

பெட்டியைக் கழற்றிவிட்டார். விசிறி, வயர், திருகாணிகள் எல்லாம் பேப்பரில் பரவிக் கிடந்தன. எது எங்கே பூட்டுவதென்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். கூப்பிட்டதற்குத்தான் இந்தப் பேச்சு.

"நீர்தான் தூசு தட்டுறன் எண்டு வயரை இழுத்து விட்டனீர். தெரியாத வேலையிலை ஏன் கை வைக்கிறீர்?"

நான் அதைத் தொட்டதே இல்லை. இருபத்துநாலு வருசத்தில் இந்த மனுசன் என்னிடம் இப்படிக் கத்தினதும் இல்லை. குசினிக்குள் போய் நிண்டு அழுதன். ஏன் அழுறன் எண்டு எனக்கே விளங்கேல்லை — ஒரு இரும்புப் பெட்டிக்கோ?

15.02.2025, சனி

பெட்டியை ஓட்டோவில் ஏற்றிப் புத்தூர்ச் சந்திக்குக் கொண்டுபோனேன். அங்கே எமில்ராஜ் திருத்துகிற கடை வைத்திருக்கிறான், இவரிடம் படித்தவன். மறிப்பார் என்று பயந்திருந்தேன். "கொண்டுபோம்," என்றுவிட்டு ரீவி பார்க்கப் போய்விட்டார். மறித்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

எமில்ராஜ் எல்லாவற்றையும் பூட்டி, இரண்டு பென்ட்ரைவையும் சோதித்தான். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னான். சொன்னேன்.

"மெஷினிலை ஒரு பிழையுமில்லை, அன்ரி. முதல் பழுதானது விண்டோஸ் மட்டுந்தான். பென்ட்ரைவும் நல்லது. நூறு வீதம் முடிஞ்சு தானா அணைஞ்சு எழும்பேக்கை பென்ட்ரைவைக் கழட்டிப்போட வேணும். கழட்டாட்டி அது திரும்ப அதிலையிருந்துதான் தொடங்கும். எத்தினை தரம் செய்தாலும் முதல் பக்கந்தான்."

"சேருக்கு அது தெரியாதோ?"

பென்ட்ரைவைக் கழற்றி மேசையில் வைத்தான். "எனக்குக் காட்டித் தந்ததே சேர்தான்."

பிறகு, முகத்தைப் பாராமல் சொன்னான்: "தைப்பொங்கலுக்கு முதல் கடைக்கு வந்தவர். அரை மணித்தியாலத்துக்குள்ளை ஒரே விசயத்தை மூண்டு தரம் கேட்டவர். உங்களுக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு இருந்தனான்."

அழித்த பட்டியலில் எல்லாமே போயிருந்தன. மகள் சாருஜாவின் படங்கள், இவர் பன்னிரண்டு வருசமாக எழுதின பாடங்கள், சோதனைக்கென்று ஆயத்தப்படுத்தின மாதிரி வினாத்தாள்கள். மேலே நாலு தரம் எழுதினதால் மீட்பது கஷ்டம் என்றான். டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டான்.

16.02.2025

கார்த்திகையில் சுன்னாகம் சந்தைக்கு மோட்டார்சைக்கிளில் போய், பஸ்ஸில் திரும்பி வந்தவர். வந்து, மோட்டார்சைக்கிளைக் களவெடுத்துவிட்டார்கள் என்றார். அது சந்தை வாசலில் நின்றது. களைப்பு என்று விட்டேன்.

தன் அக்காவின் பேரை மறந்தபோது? அதையும் விட்டேன். எத்தனையை விட்டிருக்கிறேன்?

04.03.2025, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. ஒன்பது மணிக்குப் போய் ஒன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். டொக்டர் இளம்பெண், தன்மையானவ. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னா. தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. அதற்குப் பிறகு இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினாறின் அடியில் வருகிற கொம்பியூட்டர்க் கணக்கையும் மனக்கணக்காய்ச் செய்கிற மனுசன்.

எனக்கு விடை தெரியும். சொல்லக்கூடாது என்று கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"இவருக்கு ஐம்பத்து மூண்டு வயசுதானே, சிவகௌரி அம்மா. ஸ்கான் எடுத்துப் பாத்துத்தான் சொல்லலாம்," என்றா.

14.03.2025

ஆஸ்பத்திரியில் இவரின் வருத்தத்தின் பேரைச் சொன்னார்கள். அதை இதில் எழுதமாட்டேன். மாற்ற ஏலாதாம். குளிசையால் கொஞ்சம் மெதுவாக்கலாமாம்.

வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தார். "டொக்டர் நல்ல பிள்ளை. எங்கடை பள்ளிக்கூடத்திலையோ படிச்சவ?" என்று கேட்டார். உரும்பிராய் தாண்டினதும் திரும்பவும் கேட்டார்.

21.03.2025, வெள்ளி

விடுமுறைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். கையெழுத்து மாறவில்லை.

சாருஜா மட்டக்களப்பிலிருந்து போன் எடுத்தாள். கம்பஸ் படிப்பை விட்டுவிட்டு வரட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "என்ரை சின்ன வயசுப் படங்கள் ஏதும் மிஞ்சினதோ, அம்மா?" என்றாள். எமில்ராஜ் கொஞ்சம் மீட்டிருக்கிறான். பலவற்றில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம்.

இவர் தன் பாடங்களைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வதென்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். கேட்கிறாரில்லை.

30.03.2025, ஞாயிறு

எமில்ராஜ் டிஸ்கைக் கொண்டுவந்து பூட்டினான். விண்டோஸையும் போட்டுத் தாறன் என்றான்.

"வேண்டாம் தம்பி. எப்பிடி எண்டு சொல்லித் தா, நான் செய்யிறன்."

அவன் சொல்ல, ஒவ்வொன்றாகக் கடதாசியில் எழுதினேன். அவன் போனபிறகு தொடங்கினேன். இவர் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். நூறு வீதம் வந்தது, திரை கறுத்தது. கடதாசியில் எழுதினபடி பென்ட்ரைவை இழுத்தேன். இரண்டாம் கட்டம் வந்தது. பாஸ்வேர்ட் கேட்ட இடத்தில் ஒன்றும் போடாமல் விட்டேன். இனி இந்த வீட்டில் பாஸ்வேர்ட் வேண்டாம்.

06.04.2025, ஞாயிறு

காலையில் தானே கொம்பியூட்டரைப் போட்டு, கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் புதுசா விண்டோஸ் போட்டது?"

"நீங்கள்தான்."

என் முகத்தைப் பார்த்தார். "பொய் சொல்லாதையும்."

நான் தேத்தண்ணியை மேசையில் வைத்தேன்.

"நீரோ?"

"ஓம்."

"வடிவாப் போட்டிருக்கிறீர்," என்றார்.

பத்து மணிபோல இவரின் போன் அடித்தது. முன்வீட்டு றஜிதா, மடிக்கணினி எழும்பவில்லையாம். வழக்கம்போல, கொண்டு வாங்கோ என்பார், நான் எப்படித் தட்டிக்கழிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் பிள்ளை, கொண்டு வாரும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "நான் இப்ப பாக்கிறேல்லை. இனி மனிசிதான் பார்ப்பா."