பந்து இல்லாத பாதித் திரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், அப்பாவுக்கும் உடம்பளவில் குறை ஒன்றுமில்லை, மனசளவில் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பேப்பர் படிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு காதை என் பக்கம் வைத்துக்கொள்கிறார், தானும் பேச மாட்டார், என்னையும் பேச விட மாட்டார். அதனால் அவர் கிளப்புக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் வீட்டுத் தூசியெல்லாம் அவளுக்குப் பளிச்சென்று தெரிகிறதாம்.

அன்றைக்கு நீ சொன்னதும் அப்பா பட்டென்று போனை வைத்தாரே, அதைப் பற்றித்தான். பூட்டு அண்ணனை அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்வதா விடுவதா என்று ஹாக்கி டீம் மேனேஜர் என்கிற முறையில் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கிளப்பில் ஆட்டக் கணக்குப் பார்க்கும் தம்பி கம்ப்யூட்டரில் அவன் ஆட்டத்தின் எண்களைக் காட்டி, விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டான். வெளியாள் அப்படித்தான் சொல்வான், நம் பெண்ணும் ஹாக்கிக் கணக்குத்தானே பார்க்கிறாள், அவள் வேறு மாதிரி சொல்வாள் என்று நினைத்துத்தான் அந்த எண்களை உனக்கு அனுப்பினார். நீயோ, விட்டுடுங்கப்பா, அவர் பக்கமாத்தான் எல்லாரும் புகுந்து போறாங்க என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாய். நீ சொன்னது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் பின்னால் நின்று தடுக்கிற அவன் பக்கம் ஒருத்தரும் தாண்ட முடியாது என்று பூட்டு என்கிற பேரை வைத்ததே அப்பாதானே. தேர்வு ஆட்டத்தில் எல்லாரும் கோல் போட்டவனையே பார்த்துக்கொண்டிருக்க, பந்தே போகாத மூலையில் நின்ற இவனைக் கைகாட்டி இவன்தான் வேணும் என்று அடம்பிடித்தவர் அவர். நம் சாப்பாட்டு மேஜையில் ஜன்னலோர நாற்காலி இன்னமும் அவனுடையதுதான்.

அந்த நாளெல்லாம் இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. முன்னறையில் அந்தப் பழைய டிவி, கிளப்பிலிருந்து அப்பா கொண்டுவரும் வீடியோ கேசட், திரையில் பாதியை மறைத்து ஒட்டிய செய்தித்தாள். பந்தை எல்லாரும் பார்ப்பாங்க, நீ பந்து இல்லாத இடத்தைப் பாரு என்பார். தெரிகிற பாதியில் நிற்பவர்களின் தோளையும் காலையும் பார்த்து, மறைந்த பாதியில் பந்து எங்கே என்று நீ சொல்ல வேண்டும். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, சரியாகச் சொன்னால் அந்தத் தாளிலேயே ஒரு டிக், தப்பென்றால் ஒரு பெருக்கல் குறி போடுவாய். கணக்கெடுக்கிற பைத்தியம் உனக்குப் பிடித்தது அங்கேதான். திரையில் ஒட்டிய பசையைச் சுரண்டி எடுத்து என் நகமே தேய்ந்தது, அப்போது உங்கள் இருவரையும் நான் திட்டாத நாள் இல்லை. அந்தப் பசைக்காக இன்றைக்கு மனசு ஏங்குகிறது, சிரிக்காதே.

நீ சொன்ன பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு உள்ளுக்குள்ள அவனை வச்சுக்கணும்னுதான் தோணுது, அது என் கண்ணு சொல்லுதா இல்ல பாசம் சொல்லுதான்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியலை என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து தெரியலை என்ற வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்கிறேன், புது டிவியில் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டிருக்கிறார்! என் வயிறு எரிந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பிடித்து உன் இடத்தில் உட்காரவைத்து, இந்த வருஷத்து ஆட்டத்தைப் போட்டார். பந்து மறைந்த பாதியில், பூட்டு தெரிகிற பாதியில். முன்பெல்லாம் அவன் தோள் திரும்பியதும் இப்ப வரும் பாரு என்பார், பந்து வரும். இந்த முறை பந்து வந்தது, பிறகுதான் அவன் திரும்பினான். அவர் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார், வேறு ஆட்டத்தையும் போட்டார், எல்லாம் அப்படியேதான் இருந்தது. அவன் பிந்திவிடுகிறான் என்று, ஹாக்கியில் துவைக்க வேண்டிய சட்டையை மட்டுமே பார்க்கிற எனக்கே புரிந்துவிட்டது. அவர் டிவியை அணைத்தார்.

இப்படி விலக்குகிற ஆட்டக்காரர்களுக்கு ஆபீஸிலிருந்து தகவல் போவதுதான் வழக்கம். அப்பா மறுநாள் தானே உடை மாற்றும் அறைக்குப் போயிருக்கிறார். பூட்டு பெஞ்சில் உட்கார்ந்து ஸ்டிக் கைப்பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தானாம். இவர் சொல்லி முடித்த பிறகும் நிறுத்தாமல் கடைசிவரை சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து ஒட்டிவிட்டு, சார், போன சீசன்லேர்ந்தே கோல்கீப்பர் கத்துறதைக் கேட்டுத்தான் திரும்புறேன், நீங்க எப்போ கண்டுபிடிப்பீங்கன்னு பயந்துட்டே இருந்தேன், இப்ப நிம்மதியா இருக்கு என்றானாம். அதை என்னிடம் சொல்லும்போது அப்பா அழுதுவிட்டார். அவன் இடத்துக்குக் கணக்குத் தம்பி மூன்று பேரைச் சொல்லியிருக்கிறான், மூவரின் ஆட்டத்தையும் தாள் ஒட்டித்தான் பார்ப்பேன் என்று நிற்கிறார். பூட்டையும் பக்கத்தில் உட்காரவைக்கப் போகிறாராம். தாளை எடுக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். உன் இடத்தில் நான்தான் உட்காருகிறேன், ஒன்றையாவது சரியாகச் சொன்னால்தானே. டிக் போடப் பேனாவும் மேஜைமேல் தயாராக இருக்கிறது, யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி கண்விழித்து எண்களோடு மல்லுக்கட்டாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும், வாய்விட்டுச் சொல்லாத அப்பாவும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிறு மத்தியானம் அப்பாவின் போனுக்கே கூப்பிடு. பூட்டைப் பற்றிப் பேசாதே, நான் அப்பவே சொன்னேனே என்று தொடங்காதே. அப்பா, பந்து எங்கே என்று மட்டும் கேள். மீதியை அவர் பேசிக்கொள்வார்.

உன் வரவை வாசலைப் பார்த்தே எண்ணிக்கொண்டிருக்கும்,
அம்மா