அம்மாவின் உயரம்

தைப்பூசத்துக்கு முந்திய வெள்ளி, இரவு

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

சாப்பிடும்போது அத்தை ஆரம்பித்தார். "நெட்டையா வளந்துட்டா லா, அண்ணே. ஸ்கூலு போதும். பூசத்தன்னிக்குத் தண்ணீர்மலைக் கோயில்ல மாப்பிள்ள வீட்டுக்காரங்கள பாத்துப் பேசிருவோம்."

"அவ அம்மா உயரம் வரட்டும், அப்புறம் நிறுத்திக்கலாம்" என்றார் அப்பா.

எனக்கு உயிர் வந்தது. அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அண்ணாந்துதான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அந்த உயரத்தை நான் எப்போது எட்டுவது?

இருந்தாலும் பயம். கூடத்திலிருந்த அம்மாவின் படத்தை எடுத்து வந்தேன். அப்பாவின் நாற்காலியை ஒட்டி நிற்கிறாள். ஓர் உருவம் சிறிதானால் அதன் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில்தான் சிறிதாகும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். படத்தில் நாற்காலி மூன்று அங்குலம். கூடத்தில் இருக்கும் அதே நாற்காலி முப்பத்தாறு. பன்னிரண்டு மடங்கு. படத்தில் அம்மா நாலேமுக்கால் அங்குலம். அப்படியானால் ஐம்பத்தேழு.

நான் ஐம்பத்தொன்பது.

மறுபடியும் போட்டேன். அதேதான். இவ்வளவு சின்னவளா என் அம்மா? இப்போது இருந்தால் நான்தான் குனிந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு அவள் உயரம் மறந்துவிட்டதா? அல்லது தெரிந்துதான் அத்தையிடம் அப்படி

கதவு தட்டும் சத்தம். அப்பா. "அம்மா படம் உங்கிட்டயாம்மா இருக்கு? கொஞ்சம் குடு."

கணக்கைப் படத்தின் பின்னட்டையிலேயே பென்சிலால் போட்டிருக்கிறேன். அழிக்க