வேர்விட்ட வேலி

டோல்டோல்

பாசமுள்ள பர்சலோய் அண்ணனுக்கு,

தங்கை நஷிபாய் எழுதுகிறேன். மொம்பாசாவில் காவல் வேலை பழகிவிட்டதா? இங்கே மழை பெய்தது. மாடுகள் நலம். ஆடுகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார். எனக்கு வாய் வராது.

நேற்றுக் காலை பட்டியைத் திறந்தேன். ஒரு ஆடும் வெளியே வரவில்லை. எல்லாவற்றின் வாயும் சிவந்திருந்தது. சிறுத்தை புகுந்துவிட்டது என்று நினைத்துக் கத்திவிட்டேன். ஈட்டியோடு ஓடி வந்த அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரத்தமில்ல புள்ள, கள்ளிப்பழம். திருட்டுத்தனமா தின்னுருக்குதுங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு உன் ஆடு, கறுப்பி நரோக்கின் வாயைத் திறந்தேன். நாக்கு முழுக்கப் பூனைமயிர் போல முள். கண்ணிலும் முள். முன்னால் கையை ஆட்டினேன்; அது இமைக்கவில்லை.

வேலமுள் கிடைக்காத வறட்சியில், ஆற்றங்கரைச் சப்பாத்திக்கள்ளியை வெட்டி நீ அடுக்கிக் கொடுத்த வேலிதான். வெட்டிய முள் காய்ந்துபோகும் என்றுதானே நாம் எல்லோரும் நினைத்தோம். இது காயவில்லை, அண்ணா. மழை பட்டதும் வேர்விட்டு, பூத்து, பட்டிக்குள்ளேயே பழுத்துவிட்டது.

மத்தியானம் மேய்ச்சல் சங்கத்து ரெசியாட்டோ அக்கா வந்தார். வேலியைப் பிடுங்கி எரிக்க வேண்டும், ஆற்றங்கரைக் கள்ளிக்கு அதை மட்டுமே தின்னும் வெள்ளைப் பூச்சியை விடலாம் என்றார். அப்பா, "உண்ணி போதாதுன்னு பூச்சி வேற வளக்கணுமா? எம்மவன் கட்டுன வேலி. அவன் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டார். அக்காவும் விடவில்லை. "அவன் வர்றதுக்குள்ள ஆடெல்லாம் குருடாப் போயிரும். அப்புறம் வேலிக்குள்ள எதக் காப்பீங்க, பெரியவரே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அப்பா கீழே விழுந்து கிடந்த ஒரு கள்ளி மடலை எடுத்து, வேலியில் இருந்த சந்தில் செருகிக்கொண்டிருந்தார். அவர் விரல்களிலிருந்து அம்மா இன்னும் முள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நரோக்கின் குட்டி கத்துகிறது. அது எந்தப் பக்கம் என்று தெரியாமல் தாய் வேலியிலேயே போய் முட்டுகிறது. மற்ற ஆடுகளை இன்றும் அங்கேதான் அடைக்கப்போகிறோம்.

மொம்பாசாவுக்கு ஆடு ஏற்றிவரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கிடைத்த உடனே அப்பாவுக்குப் போன் செய். நான் எழுதியதைச் சொல்லாதே. வேறு வேலி போட்டுக்கொள்ளலாம் என்று நீயாகச் சொல்வதுபோல் சொல். உன்னை யாரும் குறை சொல்லவில்லை.

அம்மா உனக்காகக் கையில் பசும்புல் பிடித்து வேண்டிக்கொண்டாள். நீ நடக்கும் வழியில் முள் இல்லாதிருக்கட்டும்.

உன் தங்கை,
நஷிபாய்