எண்பது ஃபியூஸ் எரியவே இல்லை

அன்பு மகன் ராட்டோமிருக்கு அம்மா லெபோசாவா எழுதுவது. இங்கே நானும் பசுவும் உன் அக்கா வீட்டாரும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அங்கே லின்ஸில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சளி இருமல் அண்டாமல் இருக்கப் புனித நிக்கோலாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அக்கா மகன் நெபோய்ஷாவின் கல்யாணத்துக்குப் பிறகு நீ போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் ம், ம் என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார். டிசம்பரில் நம் குடும்பத்தைக் காக்கும் புனித நிக்கோலாவின் நாளுக்கு வரமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னாயாம். அப்பா போன வீட்டில் மகன் ஏற்றவேண்டிய அந்த மெழுகுவர்த்தியை வேறு யார் ஏற்றுவது, பசுவா? நீ அனுப்பிய ஃபியூஸ்தான் கல்யாணக் காரை எரித்தது என்று யாரோ சொன்னதை நம்பி வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறாய். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது, ஞாபகம் நிற்கவில்லை, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கேள்.

அன்று காலை நம் முற்றத்தில் இருந்தவர்கள் நான், உன் அக்கா விடோசாவா, அவள் புருஷன் க்வோஸ்டென், அவர்கள் பிள்ளை மாப்பிள்ளை நெபோய்ஷா, அவனுக்கு மாப்பிள்ளைத்தோழனாக நின்ற ஸ்வெட்டோசார், அப்புறம் க்வோஸ்டெனைப் பெற்ற மகராசி, என் சம்பந்தி கிர்ஸ்டினா. பிளம் மரத்தடியில் அக்கார்டியன்காரனும் இருந்தான், ஆனால் விடிவதற்குள்ளேயே குடித்துவிட்டதால் அவனை இருந்தவனாகச் சேர்க்க முடியாது. லீவு கிடைக்காத குறைக்கு நீ அனுப்பிய ஆம்பிளிஃபயரையும் பெரிய ஸ்பீக்கரையும் ஸ்வெட்டோசார்தான் நெபோய்ஷாவின் வெள்ளைக் காரில் மாட்டினான். நீ போனில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது, அம்மா, ஃபியூஸ் ஆம்பிளிஃபயரைக் காப்பாத்த இல்ல, ஒயரைக் காப்பாத்த, ஒயர் தடிமனைப் பார்த்துத்தான் ஃபியூஸ் போடணும், நான் அனுப்புற சிவப்பு ஒயர் விரல் தடிமன், அதுக்கு எண்பது ஆம்பியர் ஃபியூஸ், ஒல்லி ஒயர்னா முப்பதுக்கு மேல போகவே கூடாது, பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி மாட்டச் சொல்லு, என்றாய். சொன்னேன். ஆனால் வந்து பார்த்தால் சிவப்பு ஒயரைக் காணோம், கறுப்பாக நூடுல்ஸ் மாதிரி ஒன்று ஓடுகிறது. கேட்டால், அது ஓட்டையில நுழையல பாட்டி, இது போதும், கரண்ட்டுக்குத் தடிமன் எல்லாம் தெரியாது, என்றான். அப்படின்னா எண்பதை இங்க குடு, முப்பது போடு, என்று பிடுங்கி என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே முப்பது போட்டான்.

பாட்டு தொடங்கியது, முதல் பெரிய டிரம் அடி விழுந்ததும் டப், சத்தமில்லை. ஆம்பிளிஃபயர் கேட்டது அதிகம், ஒல்லி ஒயர் தாங்குவது முப்பது, அதனால் ஃபியூஸ் செத்தது, சரியாகச் செத்தது, சாவதற்குத்தானே அதை வைக்கிறோம். ஸ்வெட்டோசாருக்கு அது பொறுக்கவில்லை, முப்பதெல்லாம் சாவு வீட்டுக்குத்தான் பாட்டி, இது கல்யாணம், என்று என் மேசை விளக்கின் ஒயரை வெட்டி, செம்பு இழையை உரித்து, செத்த ஃபியூஸின் இரண்டு காலிலும் சுற்றினான். நம் ஊரில் ஃபியூஸ் வாங்கக் கடைக்கு யார் போகிறார்கள், உன் அப்பாவும் ஆயுசு முழுக்கச் செம்புக் கம்பி சுற்றியவர்தான், கன்றுக்கொட்டகை எரிந்தபோது எலி ஒயரைக் கடித்தது என்று சாகும்வரை சாதித்தார், அந்த எலியை நான் பார்க்கவில்லை. டேய் அதுல கை வைக்காதே என்று நான் கத்த, உன் அக்கா என் கையைக் கிள்ளி, அம்மா, தோழன் அவரு, இன்னிக்கு அவரு பேச்சுக்கு மறுபேச்சு கூடாது, ஊரு சிரிக்கும், என்றாள். கூடாதுதான், நம் வழக்கம் அது, எனக்குத் தெரியாதா. அந்த ஒயருக்குத் தெரியணுமே, என்றேன்.

இரண்டாவது சரணம் வரும்போது கால்மிதியின் கீழிருந்து புகை. பானெட்டுக்குள்ளும் தீ. பாட்டு மட்டும் நிற்காமல் மணமகளே மணமகளே என்று கத்திக்கொண்டிருக்கிறது, நெபோய்ஷா சட்டைப் பூவோடு ஜன்னல் வழியாகக் குதிக்கிறான், ஸ்வெட்டோசார் வெறும் நீராவிதான் என்கிறான். க்வோஸ்டென் துணியைச் சுற்றிப் பேட்டரி பிடியைப் பிடுங்கினான், அப்புறம்தான் பாட்டு அடங்கியது. தண்ணீர்க் குழாய் ஆட்டுத் தொழுவத்தில், கைக்கு எட்டியது ஒன்றுதான், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் கண்விழித்து வேகவைத்த கல்யாண முட்டைக்கோஸ். க்வோஸ்டெனும் ஸ்வெட்டோசாருமாக மண்பானையைத் தூக்கி அப்படியே பானெட்டுக்குள் கவிழ்த்தார்கள். தீ அணைந்தது. கோஸோடு வெந்த, புகைபோட்ட பன்றி விலா எலும்பு ஒன்று பேட்டரி மேல் மல்லாந்து கிடந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்ணை டிராக்டரில்தான் அழைத்து வந்தோம், நல்ல பெண் டியானா, ஏறி உட்கார்ந்து மூக்கைச் சுளித்து, மாப்பிள்ளை மேல கோஸ் வாசனை வருது, பசிக்குதே, என்று சிரித்தாள்.

இப்போது உறையைத் தலைகீழாகத் தட்டு. விழுந்ததா? நீ அனுப்பிய எண்பது அது, வெளிச்சத்தில் பிடித்துப் பார், நடுக் கம்பி முழுசாக இருக்கிறது, அது காருக்குள் போகவே இல்லை, அன்று முழுக்க என் ஏப்ரனில்தான் இருந்தது. ஆம்பிளிஃபயர் மேல் இருக்கும் சின்ன ஃபியூஸ்களும் உருகவில்லை, க்வோஸ்டென் பார்த்துவிட்டான். ஓட்டையில் நுழையாத சிவப்பு ஒயர் ஸ்வெட்டோசாரின் வெல்டிங் மிஷினில் நன்றாக நுழைந்திருந்தது, நானே போய்க் கழற்றிக்கொண்டு வந்தேன், அடுப்பு மேல் ஆணியில் தொங்குகிறது. அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பிளம் சாராயத்தோடு வந்தான், அது நல்ல சாராயம், மன்னித்துவிட்டேன். கிள்ளியதற்கு உன் அக்காவையும் மன்னித்தாயிற்று, கை இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. ஆகவே உன் மேல் குற்றம் ஏதும் இல்லை மகனே, வா, அந்த எண்பதை மறக்காமல் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு வா, வேறு யார் கையும் படாமல் நீயே மாட்டு, நெபோய்ஷா புது ஒயர் இழுக்காமல் உனக்காகக் காத்திருக்கிறான், மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்துவிட்டேன். கம்பளி பனியன் போடு, பார்டரில் வண்டியை வேகமாக ஓட்டாதே, புனித நிக்கோலா உன்னையும் உன் பிள்ளைகளையும் வழியெல்லாம் காக்கட்டும்.

உனக்குப் போன் போட்டு, உன் எண்பதுதான் காரை எரித்தது என்று சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அதைக்கூட மன்னித்துவிடுவேன், அவளுக்கு ஃபியூஸுக்கும் சட்டைப் பொத்தானுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கார் புகைந்துகொண்டிருக்கும்போதே, எல்லாரும் அலறிக்கொண்டிருக்கும்போதே, அவள் நிதானமாக நடந்து வந்து பானெட்டிலிருந்து ஒரு இழை கோஸை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டு மென்று, என்னைப் பார்த்து, உப்பு பத்தல சம்பந்தி, என்றாள்.

இப்படிக்கு, எல்லாரையும் மன்னித்துவிட்ட, கிர்ஸ்டினாவை மட்டும் மன்னிக்காத, உன் அம்மா
லெபோசாவா