மூச்சு விடாத புட்டி

மார்ச் 5, புதன்

ஆற்றுப் பாலத்தடியில் தண்ணீர் மாதிரி எடுத்தோம். வாளியை இறக்கினால் தண்ணீரில் விழும் சத்தம் இல்லை, கூழில் விழுந்த மாதிரி. டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "மேடம், இதுக்கு லேப் எதுக்கு? என் மூக்கை அனுப்புங்க, அதுவே ரிப்போர்ட் குடுத்துடும்."

புட்டிகளை மூடி இருட்டுப் பெட்டியில் வைத்தாயிற்று. இனி ஐந்து நாள். உள்ளே கிருமிகள் அழுக்கைத் தின்னும், தின்னத் தின்ன மூச்சு வாங்கும். எவ்வளவு ஆக்சிஜன் தீர்கிறதோ அவ்வளவு அழுக்கு; அதைத்தான் ஆற்றின் எண்ணாக எழுதுவோம்.

மார்ச் 7

அக்கா போன். ஆற்றோரக் கிணற்றிலிருந்து அவள் தெருவுக்குத் தண்ணீர் தரும் பம்பை மூடி ஒரு வருஷமாகிறது. ஆற்றின் எண் வரம்புக்குள் வந்தால்தான் திறப்பார்கள்.

"எப்பத்தாண்டி திறப்பீங்க? தண்ணி தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு."

மார்ச் 10, திங்கள்

எண் வரம்புக்குள். வரம்புக்கு நன்றாகவே கீழே. அதிகாரி வந்து பார்த்து, "ஆறு திருந்திடுச்சு போல" என்றார்.

அந்தக் கருநீலத் தண்ணீரா? அந்த நாற்றமா?

மதியம் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது. கிருமிகள் தின்னவே இல்லை. தண்ணீரிலுள்ள ஏதோ விஷத்தில் செத்திருக்கின்றன. ஆளில்லாத வீட்டில் எச்சில் தட்டு இருக்காதுதான் — அதற்காக அதைச் சுத்தமான வீடு என்பதா?

மார்ச் 11

டிரைவரைக் கெஞ்சி மறுபடி பாலத்துக்குப் போனேன். இந்த முறை நல்ல தண்ணீரை வழக்கத்தைவிட நிறையக் கலந்தேன். விஷம் நீர்த்தால் கிருமிகள் பிழைக்கும். பிழைத்தால் தின்னும்.

மார்ச் 16, ஞாயிறு

தின்றிருக்கின்றன. கலந்த அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் பழைய எண்ணைப் போல் பல மடங்கு. ஆளில்லாத லேபில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் சொன்னது சரி என்ற சந்தோஷம். சே.

மார்ச் 17

அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். நான் தப்பென்று அவரும் சொல்லவில்லை. ஆனால் வழக்கமாகக் கலக்கும் அளவில் வந்த முதல் எண்தான் ரிப்போர்ட்டில் போகுமாம். என்ன விஷம் என்று கண்டுபிடிக்கும் கருவி பழுதாகிக் கிடக்கிறது, அது என் குற்றமா என்றார்.

"மேல கேட்டா நான் என்னம்மா சொல்றது? ஆறு ரொம்பக் கெட்டுப்போனதால நல்லா இருக்குன்னா?"

சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் உண்மை, அதைத்தான் சொல்ல முடியாது.

நான் போடாவிட்டால் பக்கத்து மேசையில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். நானே போட்டால் குறிப்பையாவது சேர்க்கலாம். தனித்தாளில் எல்லாம் எழுதிப் பின்னால் பின் அடித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 25

பம்பைத் திறந்துவிட்டார்கள். அக்கா படம் அனுப்பியிருந்தாள்: குழாய், பக்கத்தில் ஒட்டிய நோட்டீஸ். ஒரே தாள். என் எண், என் பெயர். குறிப்பு இல்லை.

உடனே கூப்பிட்டேன். குடிக்காதே, கொதிக்கவைத்தும் குடிக்காதே, துணி துவைக்கக்கூட வேண்டாம் என்றேன்.

"அப்புறம் ஏண்டி கையெழுத்துப் போட்டே? என் தங்கச்சி பாத்துச் சொன்ன தண்ணின்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன். இப்ப நானே போய் இல்லேங்கவா?"

போனை வைத்ததும் குறிப்பின் நகலோடு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன்.

ஏப்ரல் 2

மேலிடத்துக்கு மறுபடி எழுதினேன். முதல் கடிதத்துக்கே பதில் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

அக்கா வீட்டுக்குத் தண்ணீர் கேனோடு போனேன். போன வாரம் கொண்டுபோன கேன் சமையலறை மூலையில் அப்படியே இருந்தது, மேலே துணி போட்டு மூடி. வெயிலில் வந்த என்னைப் பார்த்ததும் அதன் மூடியை அப்போதுதான் உடைத்தாள். டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினாள்.

"நீங்கள்லாம்?" என்றேன்.

"நாங்க பழகிட்டோம். உனக்குத்தான் மனசு ஒப்பாதே. உனக்குன்னுதான் எடுத்துவெச்சேன்."

அவள் மகள் குழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அண்ணாந்து கடகடவென்று குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

என் கையிலும் டம்ளர். தாகம். குடித்தேன்.